ஜெபர்சனின் ஆறுதல் கடிதம்

இரண்டு பேரையும் ஒரே அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் ஸ்ரெல்லாவுக்குப் பயம் பிடித்தது. உள்ளே ஒரு பக்கம் அவளுடைய அத்தான் எட்வேர்ட். எதிர்க் கதிரையில் அருளம்பலம். யாராவது ஒருவர் ஒரேயொரு கேள்வி கேட்டால் போதும், அவள் சொன்ன பொய் இரண்டும் வெளியே வந்துவிடும்.

சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது அவளுடைய அச்சகம். வாசலில் வெங்காய மூட்டை ஏற்றுகிற லொறி உறுமிக்கொண்டு நின்றதால் உள்ளே என்ன நடக்கிறதென்று கேட்கவில்லை. அவள் அச்சு மெசினடிக்குப் போனாள், திரும்பி வந்தாள், பிறகும் போனாள்.

எட்வேர்ட் கல்லூரியில் சரித்திரம் படிப்பித்தவர். அருளம்பலம் அங்கேயே ஆங்கிலம் படிப்பித்தவர். பென்சன் எடுத்ததும் இருவரும் சேர்ந்து, அமெரிக்காவின் பழைய ஜனாதிபதிகளான அடம்ஸும் ஜெபர்சனும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களைத் தமிழாக்கத் தொடங்கினார்கள். அடம்ஸ் எட்வேர்ட்டின் பங்கு. ஜெபர்சன் அருளம்பலத்தின் பங்கு. நாட்டை எப்படி ஆளுவது என்பதிலிருந்து பேரப்பிள்ளைகள், முதுமை, படித்த புத்தகங்கள் வரை அந்தக் கடிதங்களில் எல்லாம் இருந்தன. ஸ்ரெல்லா ஒவ்வொன்றாகத் தட்டச்சடித்துப் பக்கம் கட்டிக்கொண்டு வந்தாள்.

அதற்குள் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. இரண்டு பேரும் வேறு வேறு கட்சியில் நின்றார்கள். கூட்டங்களில் ஒருவரையொருவர் சொல்லக்கூடாத வார்த்தைகளால் ஏசினார்கள். கடைசியில் இரண்டு பேருமே தோற்றார்கள். அதோடு கதை பேச்சு நின்றது, புத்தகமும் நின்றது.

அடுத்த வருடம் எட்வேர்ட்டின் மனைவி றோஸ், ஸ்ரெல்லாவின் அக்கா, காலமானாள். பத்து வருடம் அவள் கையால் தேத்தண்ணி குடித்த அருளம்பலம் செத்தவீட்டுக்கு வரவில்லை. எட்வேர்ட் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அருளம்பலத்தின் பெயரையே அவர் பிறகு எடுக்கவில்லை.

புத்தகம் நின்ற இடமும் அப்படி. மனைவியைப் பறிகொடுத்த அடம்ஸுக்கு ஜெபர்சன் எழுதிய ஆறுதல் கடிதம்தான் அடுத்தது. அது அருளம்பலத்தின் பங்கு. ஸ்ரெல்லா எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தாள். அதைத் தொடத் தனக்கு முகமில்லை என்று சொல்லிவிட்டார்.

அருளம்பலம் கனடாவுக்கு மகளோடு இருக்கப் போகிறார், இனித் திரும்ப மாட்டார் என்று போன கிழமை கேள்விப்பட்டதும் ஸ்ரெல்லாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த அமெரிக்கர் இரண்டு பேரும்கூடத் தேர்தலில் மோதிப் பல வருடம் எழுதாமல் இருந்தவர்கள்தான். இருவருக்கும் சிநேகிதரான ஒரு வைத்தியர் நடுவில் நின்று, அவருடைய அன்பை இவருக்கும் இவருடைய அன்பை அவருக்கும் எடுத்துச் சொல்லிச் சேர்த்துவைத்தார்.

அந்த வைத்தியருக்கு எடுத்துச் சொல்ல ஏதோ இருந்தது. ஸ்ரெல்லாவிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதனால் அவள் பொய் சொன்னாள்.

அருளண்ணை அச்சகத்தில் வந்து இருந்து, றோஸ் அக்காவை நினைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார் என்று எட்வேர்ட்டிடம் சொன்னாள். நீங்கள் செத்தவீட்டுக்கு வராததில் அத்தானுக்குக் கோபமே இல்லையாம் என்று அருளம்பலத்திடம் சொன்னாள். இரண்டு பேரையும் அச்சகத்துக்கு வரச் சொன்னாள். எதற்கும் நாலு குறுக்குக் கேள்வி கேட்கிற எட்வேர்ட் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அருளம்பலமோ எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

லொறி புறப்பட்டுப் போனது. திடீரென்று வந்த அமைதியில் அருளம்பலத்தின் குரல் கதவைத் தாண்டி வந்தது.

"அவர் அப்பிடிச் சொல்லவே இல்லை!"

"சொன்னவர். அப்பிடித்தான் சொன்னவர்," என்றார் எட்வேர்ட். மேசையில் கை ஓங்கி விழுந்த சத்தம் கேட்டது.

பொய் பிடிபட்டுவிட்டது. இன்றைக்குப் பிரிந்தால் இந்தப் பிறப்பில் இனிச் சேரமாட்டார்கள். அதுவும் அவளாலேயே. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அத்தானிலை பிழையில்லை, அருளண்ணையிலும் பிழையில்லை. நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டுமே சொல்லேல்லை. எல்லாம் நான் சொன்ன பொய்."

சொல்லி முடிக்க அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கிழவர்களும் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்கள். மேசையில் ஆங்கிலக் கடிதம் விரிந்து கிடந்தது. பக்கத்தில் அருளம்பலத்தின் கையெழுத்தில், வெட்டியும் திருத்தியும், அதன் தமிழ்.

அருளம்பலம் அந்தத் தாளை அவள் பக்கம் தள்ளினார். கடைசி வரிகளில் மை கரைந்திருந்தது. அவருடைய கண்களும் சிவந்திருந்தன. ஜெபர்சன் இந்த இடத்தில் சொன்னது மௌனமா, அமைதியா, நீயே சொல் என்றார். அமைதி என்று ஜெபர்சன் சொல்லவே இல்லை என்பது அவருடைய கட்சி.

அவர்கள் சத்தம் போட்டது அந்த ஒரு சொல்லுக்காக என்று அப்போதுதான் ஸ்ரெல்லாவுக்கு விளங்கியது.

"அப்ப... நான் சொன்ன பொய்?"

எட்வேர்ட் தாளில் இருந்து தலையை எடுக்காமலே சொன்னார்.

"அது பொய்யெண்டு தெரிஞ்சுதான் ரெண்டு பேரும் வந்தனாங்கள்."