பேர் தெரிய வேண்டாமா?
மெக்கானிக் ஒரு கோடை முழுக்க இழைத்து வார்னிஷ் பூசிய பழைய மரப்படகு அது. அதன் பின்பலகையில் கட்டை வைத்து, என்ஜினை உயரத் தூக்கி மாட்டியிருக்கிறான் மச்சினன். கனத்த படகுக்கு ரேஸ் படகின் விசிறி வேறு, கர்மம்! பாதி விசிறி தண்ணீருக்கு மேலே காற்றை அரைக்கிறது. எண்ணெய் மினுங்கும் துறைத் தண்ணீரில் நுரையும் புகையுமாய் ஒரே அலறல். கயிற்றை அவிழ்த்த பிறகும் படகு நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. “டேய், நாலு விரக்கடை இறக்குடா. விசிறி முங்கினாத்தானே தண்ணியைத் தள்ளும்?” “இறக்கினா என்ஜின்ல இருக்கிற கம்பெனி பேரு பலகைக்குப் பின்னால மறைஞ்சிடும் மச்சான். போட்டோல தெரிய வேணாமா?” பல்லை இளித்துக்கொண்டு இன்னும் முறுக்குகிறான். மெக்கானிக் குனிந்து தண்ணீரில் காறித் துப்புகிறார். எச்சில் அசைந்தசைந்து படகைத் தாண்டிப் போகிறது.