கதவை உதைத்தவன்

திரையில் முகமூடிக்காரன் கதவை ஓங்கி உதைத்தான்.

கூலியாட்களை உள்ளே போட்டுப் பூட்டியிருந்த முதலாளி வெலவெலத்துப் போனான். அரங்கமே எழுந்து நின்றது.

அவள் கணவன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். அவன் எழுந்த வேகத்தில் சோளப்பொரி அவள் மடியெல்லாம் சிதறியது.

"இவனுங்கள எல்லாம் சும்மாவே விடக் கூடாதும்மா!"

குரல் கம்மியிருந்தது. அநியாயத்தைக் கண்டால் கலங்கிவிடுகிற மனசு. அந்த மனசைப் பார்த்துத்தான் வீட்டை எதிர்த்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

அவள் மடியில் கிடந்த பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

காலையில் தையல் கூடத்தில் நடந்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

பக்கத்து மிஷினில் தைக்கும் பெண் நிறைமாதக்காரி. சிவப்புக் கயிறு கட்டிய கழிப்பறைச் சாவி சூப்பர்வைசரிடம்தான் இருக்கும். அந்தப் பெண் எழுந்து எழுந்து போய்க் கேட்டாள். கையில் இருக்கிற துணிக்கட்டைத் தைத்து முடித்துவிட்டு வா என்றே பதில் வந்தது. கடைசியில், உட்கார்ந்த ஸ்டூலிலேயே நனைந்து போனாள்.

யாரும் நிமிரவில்லை. மிஷின்கள் மட்டும் முன்னைவிட வேகமாக ஓடின. இவளுடையதும்தான்.

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் கூடி நின்று சூப்பர்வைசரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் கிட்டே போனதும் கப்சிப். எப்போதும் அப்படித்தான்.

திரையில் முகமூடிக்காரன் சாவியைப் பிடுங்கிக் கூலியாட்கள் பக்கம் எறிந்தான்.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கேட்டுவிட வேண்டும். இன்றைக்கே.

படம் விட்டு வெளியே வந்ததும் கணவன் முகமூடிக்காரனைப் போலவே காற்றில் ஓர் உதை விட்டான். தன்னை நினைத்துத் தானே சிரித்தபடி, வண்டியை எடுக்கப் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை உருவினான்.

வண்டிச் சாவி. வீட்டுச் சாவி. நடுவில் அந்தச் சிவப்புக் கயிறு.

அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

"அத மட்டும் கழட்டி எங்கிட்ட குடுங்க. நாளைக்கு நான் தையல் கூடத்துச் சுவத்துல மாட்டிடறேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. அவன் வண்டியைக் கிளப்பினான்.

"அது கம்பெனி விஷயம்மா. ஏறு."

நீட்டிய கையைச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

எப்போதும் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கிற அந்தக் கையால், அன்று பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.