மாடி மௌனச்சாமி பார்த்த பொருத்தம்

முள் குதிக்காமலிருக்க, ரெக்கார்டு பிளேயர் கையின் நுனியில் கோதண்டராமன் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்திருந்தார். அது வழுக்கி விழுந்தது. பாரம் போன முள், நாதஸ்வர ரெக்கார்டின் மேல் கர்ரென்று ஒரு கிரிவலம் போய் நடுவில் வந்து நின்றது.

போதாததற்கு ஆம்ப்ளிஃபயரில் 'ஹூம்' என்று ஓர் இரைச்சல். வீட்டிலேயே எர்த் ஒழுங்காக இருக்கும் ஒரே பாயிண்ட் பின்கதவு ஓரத்தில்தான் இருந்தது. அதில் செருகியிருந்த கறுப்பு ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயரைச் செருகினார். இரைச்சல் நின்றது. குதிப்பு நிற்கவில்லை.

முற்றத்தில் நகராட்சிக் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்த மனைவி வேதா, திரும்பிப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய தையல் மெஷின் வருகிறது. அதற்கு இந்த இடம்தான் தோது.

"அதுக்குள்ள ஒரு பக்கம் முழுசா பாடிச்சுன்னா இருந்துட்டுப் போகட்டுங்க. இல்லைன்னா பரண்தான்."

அன்று வெள்ளிக்கிழமை சாயந்திரம்.

கோதண்டராமன் திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் பள்ளிக்குப் போய்வரும் இயற்பியல் ஆசிரியர். ஒத்ததிர்வுப் பாடத்தை இருபத்திரண்டு வருஷமாக ஊஞ்சல் உதாரணத்தோடு நடத்துகிறவர். அதே ஊஞ்சல் தன் வீட்டு ஹாலில் ஆடும்போது நிறுத்தத் தெரியவில்லை என்பது மாணவர்களுக்குத் தெரியாது. அந்த மட்டில் பிழைத்தார்.

முள் பொருத்திய புது கார்ட்ரிஜை விற்ற ஜானி பாஷாவுக்கு போன் போட்டார். கனமான கைக்கு மெத்தென்ற முள் ஆகாது, இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தூக்கித் தூக்கிப் போடும், கல்யாணத்துக்குப் போல இதற்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று பாஷா விளக்கினார். சரி, எதை மாற்றுவது என்று இவர் கேட்டார்.

"கையை மாத்து வாத்யாரே, இல்ல முள்ளை மாத்து. ரெண்டையும் மாத்துனாலும் தப்பில்ல."

பாஷா போனை வைத்துவிட்டார்.

நேரான பதில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். மாடியில் குடியிருக்கும் அருண்பிரசாத், சென்னையில் சவுண்ட் இன்ஜினியர். ஆனால் சத்தம் அலுத்துப்போய்த்தான் அவர் திருவண்ணாமலைக்கே வந்து, ஒரு மண்டலம் மௌன விரதம் இருக்கிறார். கழுத்தில் 'மௌனம்' என்று அட்டை தொங்கும். எழுதிக் காட்டுவதும் பேச்சுதான் என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

சனிக்கிழமை காலை அவரே இறங்கி வந்தார். தோளில் துண்டு, காதோரம் வெள்ளையாக ஒரு தீற்று. விடிந்ததும் விபூதியா என்று மெச்சிக்கொண்டே, கோதண்டராமன் முள்ளின் கதையை முழுதாகச் சொன்னார்.

அருண்பிரசாத் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தார். விரலை மேலே காட்டினார், கீழே இறக்கினார், இரண்டு கைகளையும் விரித்தார். பிறகு மணிக்கட்டைத் திருகித் திருகிக் காட்டினார்.

"மேல பாரம் இருக்கக் கூடாது. பின்னாடி இருக்கிற எடையைத் திருகணும். அதானே தம்பி?"

அருண்பிரசாத் தலையைப் பலமாக ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்று கோதண்டராமன் ஆராயவில்லை. ஞானிகள் தலையாட்டினால் ஆமாம்தான்.

நாணயத்தை எடுத்தார். கையின் வாலில் இருக்கும் எடையைத் திருகினார். அரைப் பக்கம் பாடியது! அதற்கப்புறம் அவருக்குச் சோறு தண்ணி நினைப்பில்லை. பேப்பர் பிரிக்கவில்லை, வழக்கமான காலை வேலை ஒன்றையும் தொடவில்லை.

"அந்தப் புள்ள வேற ஏதோ சொல்ல வருதுங்க" என்றாள் வேதா. பரணைத் துடைத்துவைத்தவளுக்குப் பொறாமை இருக்கத்தான் செய்யும் என்று அவர் கண்டுகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அருண்பிரசாத் மறுபடி வந்தார். முடி சிக்குப் பிடித்திருந்தது, கண் சிவந்திருந்தது. தவம் முற்றுகிறது என்று கோதண்டராமன் கைகூப்பினார். அவரோ இரண்டு விரல்களை இவர் மூக்குக்கு நேரே நீட்டினார். பிறகு தன் தலையை இரண்டு கைகளாலும் தட்டித் தட்டி, உச்சியிலிருந்து தோள் வரைக்கும் வழித்துக் காட்டினார்.

"ரெண்டு கிராம் பாரம்! தலையையே கழட்டிடணும்!"

மெத்தென்ற புது கார்ட்ரிஜைத் தலையோடு கழற்றி எறிந்தார். ஜோடியைப் பிரித்துத் தகர டப்பாவில் போட்டிருந்த பழைய கார்ட்ரிஜை, அந்த விறைப்பான கிழத்தை, எடுத்து மாட்டினார். பாரம் சரியாக இரண்டு கிராம்.

பதினொரு மணிக்கு நாதஸ்வரம் தொடங்கியது. கரண்டியோடு வேடிக்கை பார்க்க வந்த வேதா, ஐந்தாவது நிமிஷத்தில் கரண்டியோடே உட்கார்ந்துவிட்டாள். தெருவில் தண்ணீர் லாரி போனது, முள் அசையவில்லை. கடைசி வட்டம் வரை போய், சமர்த்தாக நின்றது.

"மெஷினை ஜன்னலோரம் போட்டுக்கறேங்க" என்றாள் வேதா, மெதுவாக. கோதண்டராமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் நிழல் தட்டியது. அருண்பிரசாத். கோதண்டராமன் ஓடிப்போய் அவர் கைகளைப் பற்றிக்கொண்டார். கையையும் முள்ளையும் கண்ணால்கூடப் பார்க்காமல் இந்தப் பொருத்தத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், விரதம் முடிந்தபிறகாவது இந்த மடையனுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று குழறினார்.

பின்கதவு ஓரத்தில் பிடுங்கிக் கிடந்த கறுப்பு ப்ளக்கை அருண்பிரசாத் ஒருமுறை பார்த்தார். மண்டலத்தில் இருபத்து மூன்றாவது நாள் அது. கழுத்து அட்டையைக் கழற்றி, ரெக்கார்டு பிளேயரின் மேல் வைத்தார்.

"ரெண்டு நாளா மாடியில தண்ணி வரல சார், மோட்டாரைப் போடுங்க."