பத்து மணிச் சத்தம்

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் அலறியதும் கோவிந்தராஜ் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். மணி பத்து. நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்து முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை.

"இன்னிக்கும் ஆரமிச்சிட்டாரா?"

"ஒரு நாளு உட்டாரா?" என்றாள் அவன் மனைவி ராணி, அடுப்படியிலிருந்து. "அரை மணி நேரம் கத்தவுட்டுத்தான் நிறுத்துவாரு. ஆபீசுக்கு லீவு போட்டுட்டு ஊட்ல குந்திகினு தூசி உறியறாராம், தூசி. அந்தம்மா அதுக்கு மேல. குடிவந்து ரெண்டு மாசமாவுது, ஒரு நாளு வாசல்ல தல காட்டல. திமிரு."

முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீடுகள் புதுசாக எழும்பியிருந்த சமயம் அது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். கோவிந்தராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மோட்டார் பிட்டர். ராத்திரி முழுக்கக் கேட்ட இரைச்சலைப் பகலிலும் கேட்டால் மனுஷன் என்ன ஆவான்? மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை. போன வாரம் வேலையில் கண் செருகி, ஓடுகிற பெல்ட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கையை வைத்திருந்தான். நினைத்தால் இன்னும் உள்ளங்கால் கூசுகிறது.

லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான்.

சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. மணவாளன் நின்றிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். முகமெல்லாம் வியர்வை.

"சார், நான் நைட் டூட்டி. மனுசன் தூங்க வேணாமா?"

"மன்னிச்சுக்குங்க தம்பி. பழைய வேக்குவம் கிளீனர். பழைய சாமான் கடையில கெடச்சுது. ரிப்பேர் பண்ணிப் பார்த்துட்டிருக்கேன்."

"மூணு வாரமாவா?" மிஷினின் அந்தக் கீச்சுச் சத்தம் எதனால் வருகிறது என்று கோவிந்தராஜுக்குக் கேட்ட முதல் நாளே தெரியும். "பேரிங் காஞ்சிப் போயி கீது சார். குடுங்க இப்டி. நான் பண்ணித் தரேன்."

"வேணாம் தம்பி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"எனக்குத் தூக்கம் வேணும் சார்."

மணவாளன் உள்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு போய் மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் காலத்து வெளிநாட்டு மிஷின். இரும்பு உடம்பு, கனம் தோளை இழுத்தது. கோவிந்தராஜ் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றி, விசிறியை உருவி, மோட்டாரை வெளியே எடுத்தான். முன்னும் பின்னும் இரண்டு பேரிங். யாரோ புண்ணியவான் தையல் மிஷின் எண்ணெயை விட்டிருந்தான். அது தூசியோடு சேர்ந்து உள்ளே பிசினாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, உலரவைத்து, விரலில் மாட்டிச் சுழற்றினான். குண்டுகள் தேயவில்லை. புது கிரீஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்கவில்லை. நிறைய அடைத்தால் இந்த வேகத்துக்குச் சூடேறிவிடும்.

பூட்டி ஓட்டினான். அலறல் போயே போச்சு. காற்று இழுக்கிற சத்தம் மட்டும் மெதுவாகக் கேட்டது.

"பக்கத்துல குந்தி கதை பேசலாம் போல கீதே," என்றாள் ராணி.

திருப்பிக் கொடுத்தபோது மணவாளன் நன்றி என்றார். முகத்தில்தான் அது இல்லை.

மூன்று நாள் கோவிந்தராஜ் கட்டை மாதிரித் தூங்கினான். நாலாம் நாள் பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மிஷினைத் தூக்கிக்கொண்டு மணவாளன் நின்றார்.

"தப்பா நினைக்கக் கூடாது தம்பி. அந்த கிரீஸை எடுத்துட முடியுமா? முன்னே இருந்த மாதிரியே..."

கோவிந்தராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னா சார், விளையாடறீங்களா? என் தூக்கத்தக் கெடுக்கறதுல உங்களுக்கு அப்டி இன்னா சந்தோசம்?"

மணவாளன் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"என் சம்சாரம் நாகவல்லி பஸ்ஸுல ஏறும்போது விழுந்து முட்டி உடைஞ்சுபோச்சு. மாவுக்கட்டு பிரிச்சு ஒரு மாசம் ஆகுது. கால் மடங்காம கட்டையா நிக்குது. தினம் அரை மணி நேரம் மடக்கி விடணும், விட்டுட்டா ஆயுசுக்கும் இப்படியேதான்னு டாக்டர் சொல்லிட்டார். உயிர் போற வலி. டீச்சரா இருந்தவ தம்பி. தான் அழறது நாலு பேருக்குக் கேட்டுடக் கூடாதுன்னு துண்டைக் கடிச்சுக்கிட்டு காலை விறைச்சுக்குவா. மிஷின் அலறினாத்தான், யாருக்கும் கேக்காதுன்னு வாய்விட்டுக் கத்துவா. கத்தினாத்தான் கால் மடங்குது. மூணு நாளா தொடவே விடல."

ராணி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

கோவிந்தராஜ் மிஷினை வாங்கிக் கீழே வைத்தான். "கிரீஸ எடுத்தா மோட்டாரே எரிஞ்சிடும் சார். நீங்க போயி அவங்க காலப் புடிங்க. சத்தத்த நான் பாத்துக்கறேன்."

சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். மணவாளன் வீட்டு ஜன்னலை ஒட்டி ஒரு துருப்பிடித்த தகர டிரம் கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு அடிக்க ஆரம்பித்தான்.

மாடி வீட்டு ஜானகிராமன் பால்கனியில் தலையை நீட்டினார். "ஏம்பா, அறிவு கீதா உனக்கு? அக்கம்பக்கத்துல மனுசங்க இருக்கறது கண்ணுக்குத் தெரியல?"

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் தயங்கித் தயங்கி எழுந்தது. கோவிந்தராஜ் இன்னும் ஓங்கி அடித்தான்.