அறவாழி நீட்டிய ட்ரிக்கர்

'குடும்பத் தரவுத்தள முதுநிலைச் சிற்பி' என்று வாசலில் பலகை மாட்டியிருந்த அறவாழி, அன்று காலை சொந்த வீட்டு ட்ரிக்கரில், அதாவது ஒன்று நடந்தால் தானாக இன்னொன்றைச் செய்துவிடும் நிரலில், கை வைத்தார். மனைவி செண்பகவல்லியின் கோபம் பதிவான மறுநொடி, வீடே அவர் குரலில் "என் தப்புதாம்மா" என்று சொல்லிவிடும். பல வருஷமாகக் குடித்தனம் அப்படித்தான் ஓடியது. அவளுக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்பது ஒன்றுதான் கவலை. அவள் சமாதானமாகப் பேசினாலும் ஒரு பதில் போகட்டுமே என்று, பழைய ட்ரிக்கரைக் கொஞ்சம் நீட்டிவிட்டார்.

மத்தியானம், மிக்ஸி மூடியைத் தொலைத்தது யார் என்று சண்டை வந்தது.

"என் தப்புதாம்மா," என்றது சுவரிலிருந்து அவர் குரல்.

"இல்லீங்க, எம்மேலதான் தப்பு," என்றது அவள் குரல். அவளோ வாயே திறக்கவில்லை.

"இல்லம்மா, என் தப்பு."

"இல்லீங்க, என்னோடது."

சுவர்கள் நிறுத்துகிற வழியாக இல்லை.

"அடிப்பாவி, நான் மன்னிப்புக் கேட்டா பதில் சொல்ல நீயும் ஒரு ட்ரிக்கர் வச்சிருக்கியா?" என்றார் அறவாழி.

"அப்ப நீங்க ஒரு நாள்கூட நெஜமா மன்னிப்புக் கேட்டதே இல்லையா?" அவள் குரல் உடைந்தது.

சிற்பி இரண்டு ட்ரிக்கர்களையும் அழித்தார். வீடு அடங்கியது. இனி அவரேதான் சொல்லியாக வேண்டும்.

"மூடி விஷயத்துல... ஒரு கால்வாசி என் தப்பு."

"முக்கால்வாசி."

"பாதின்னு வச்சுக்கலாமா?"

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பாதி. வாங்க, சேர்ந்தே தேடுவோம்."