ஒருக்கா ரீஸ்டார்ட்

பொத்தானை அழுத்திவிட்டான்.

சுலோச்சனாவின் கணக்கு பூட்டப்பட்டது என்று திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது. அதன் கீழே இன்னொரு வரி. அவருடைய கணினியை வெறுமையாக்கும் கட்டளை காத்திருக்கிறது.

அடுத்த முறை அந்தக் கணினி அணைந்து எழும்போது அதில் உள்ளது எல்லாம் போய்விடும்.

தோளுக்குப் பின்னால் நின்று அழுத்தச் சொன்ன எச்.ஆர். பெண், பச்சையைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தாள். இனி மாடிக்குப் போவாள். சுலோச்சனா அக்காவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்வாள்.

வேலை போவது போகிறவருக்குக் கடைசியில்தான் தெரியும். ஆபீஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அட்மினான அவனுக்கு முதலில் தெரியும். வெளியே சொன்னால் அவன் வேலையும் போகும்.

கேடுகெட்ட வழக்கம்தான். அவனும் பழகிவிட்டிருந்தான்.

அக்கா கணினியை அணைத்ததே இல்லை. மாலையில் மூடியை மட்டும் சாத்திவிட்டுப் போவார். உள்ளே திறந்ததெல்லாம் திறந்தபடி கிடக்கும். கடவுச்சொல்லை மஞ்சள் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் வேறு ஒட்டி வைத்திருப்பார். இதற்காக அவன் அவரைத் திட்டாத வாரம் கிடையாது.

இன்று அந்தச் சோம்பலைத்தான் நம்பியிருந்தான்.

அக்கா அறைக்குள் போனதும் மாடிக்கு ஓட வேண்டும். அவனுடைய அட்மின் கடவுச்சொல் எந்தக் கணினியையும் திறக்கும். ‘தாரணி’ என்ற ஒரே ஒரு ஃபோல்டர். சட்டைப் பையில் ஹார்ட் டிஸ்க் தயாராக இருந்தது.

தாரணி அக்காவின் மகள். எட்டாவது படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள்.

ஃபோனில் இடமில்லை என்று அக்கா வந்து நின்றபோது, மகளின் வீடியோக்களை ஆபீஸ் கணினிக்கு மாற்றிக் கொடுத்தவன் இவன்தான். இங்கே பத்திரமாக இருக்கும் என்றான். எந்தக் கணினியிலும் வெளி டிஸ்க்கைச் செருக முடியாமல் பூட்டி வைத்தவனும் இவன்தான். ஒரு நாள் நகல் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே தள்ளிப்போட்டான்.

மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா அதைப் பார்ப்பார். ஒரு வீடியோவில் தாரணி அம்மாவுக்கு ஃபோன் சொல்லிக் கொடுப்பாள். “அது இல்லம்மா, இது. ஐயோ, வீடியோ ஓடுது பாரு!” அவ்வளவுதான். அவனுக்கும் காட்டியிருக்கிறார். இருவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள்.

மேசையில் ஃபோன் அடித்தது.

காலையிலிருந்து அடித்துக்கொண்டேதான் இருந்தது. பிரிண்டர் ஓடவில்லை. மெயில் போகவில்லை. மவுஸ் நகரவில்லை. எல்லா நோய்க்கும் அவனிடம் ஒரே மருந்து. எதிரே இருப்பவர் சொல்லி முடிப்பதற்குள் அவன் வாய் அதைச் சொல்லிவிடும்.

“ஏங்கண்ணு, பாஸ்வேர்டு தப்புங்குது. நான் சரியாத்தான் போடறேன்.”

அக்கா.

பேச்சு எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது.

“ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கக்கா.”

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.

அந்தப் பக்கம் சிரிப்பு. “என்னைக்கு நீ சொல்லிக் கேட்டிருக்கறேன்? இன்னைக்காச்சும் கேக்கறேன்.”

“அக்கா, வேண்டாம்...”

வைத்துவிட்டார்.

திரும்ப அழைத்தான். எடுக்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடினான்.

அக்கா இருக்கையில் சாய்ந்து, கை கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“நீ சொன்னபடியே செஞ்சுட்டேன். என்னமோ சுத்திக்கிட்டே இருக்குது.”

குனிந்து பவர் பொத்தானை அழுத்தினான். விரல் வலிக்கும்வரை அழுத்தினான். திரை இருண்டது, திரும்ப வந்தது, விட்ட இடத்திலிருந்து சுற்றியது.

பயனில்லை. முதலில் அழிவது, உள்ளே கோப்புகளையெல்லாம் பூட்டி வைத்திருக்கும் ரகசியச் சாவி. அது போய்விட்டால் மிச்சமிருப்பதை யாராலும் திறக்க முடியாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டான்.

“ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது? உக்காரு.” அக்கா தன் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் தள்ளினார்.

கண்ணாடி அறையின் கதவு திறந்தது. எச்.ஆர். பெண் தலையை நீட்டி, “மேடம், ஒரு நிமிஷம்” என்றாள்.

ஏதோ மீட்டிங் என்று நினைத்து அக்கா நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டார்.

“நான் வர்றதுக்குள்ள இது எந்திரிச்சுரும்ல கண்ணு?”

தலையாட்டினான். ஏன் ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தான். இன்னும் சூடாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எச்.ஆர். பெண்ணின் வாய் அசைந்தது. அக்கா முதலில் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

வட்டம் நின்றது. கடையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல் திரை வெளுத்தது. வரவேற்றது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

கதவு திறந்தது.

அக்கா நேராக இவனிடம்தான் வந்தார். முகம் வெளிறியிருந்தது, ஆனால் அழவில்லை. அவன் எழுந்து, திரையை மறைத்துக்கொண்டு நின்றான்.

அவன் கண்கள் கலங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேலைதான கண்ணு, போனாப் போகுது. பாப்பா வீடியோவ மட்டும் எடுத்துக் குடுத்துரு.”