எல்லாருக்கும் சொந்தக்காரர்

அந்த ஆள் மூன்றாவது முறையாக வரிசையில் வந்து நிற்பதைப் பார்த்ததும் கணக்கு டீச்சருக்குச் சுருக்கென்றது.

பெற்றோர் சந்திப்பு முடிய இன்னும் அரை மணி நேரம்தான். வராந்தாவில் பதினைந்து பேர் நின்றார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் எப்படிக் கூட்டினாலும் நேரம் போதாது. கையிலிருந்த பேனா அது பாட்டுக்கு மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது.

முதல் முறை வந்தபோது அவர், முன் பெஞ்சில் உட்காரும் குட்டைப் பெண்ணுக்குச் சித்தப்பா. அடுத்த முறை, வாயே திறக்காத நெட்டைப் பையனுக்கு மாமா. இப்போது இன்னொரு பெண்ணுக்குப் பெரியப்பா என்று சொல்லிக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல் எதிரே உட்கார்ந்தார். அந்த மூன்று பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் சொந்தம் என்று டீச்சர் கேள்விப்பட்டதே இல்லை.

வந்த ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டை விரித்து, டீச்சர் சொன்னதையெல்லாம் அவசர அவசரமாக எழுதிக்கொண்டார். இந்த முறையும் விரித்தார்.

டீச்சருக்குப் பொறி தட்டியது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் விவரத்தை வாங்கிக்கொண்டு போய், டியூஷனுக்கு ஆள் சேர்க்கிறவர்கள் சுற்றுவதாகத் தலைமை ஆசிரியர் போன வாரம்தான் எச்சரித்திருந்தார். பெற்றவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை, இந்த மாதிரி ஆட்கள் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறார்கள் என்று பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த டியூஷன் சென்டருக்கு ஆள் பிடிக்கிறீங்க?"

அவர் நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நோட்டைக் கொடுங்க. இல்லேன்னா தலைமை ஆசிரியரைக் கூப்பிடுவேன்."

அவர் நோட்டை நீட்டினார்.

பக்கத்துக்கு ஒரு பிள்ளையின் பெயர். அதன் கீழே கேள்விகள், ஒவ்வொரு பக்கமும் வேறு வேறு கையெழுத்தில்.

'மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?'

'போர்டு அவனுக்குத் தெரிகிறதா? வீட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறான்.'

'புரியவில்லை என்றால் கேட்கிறாளா, பயந்துகொண்டு சும்மா இருக்கிறாளா?'

'நான் வரவில்லை என்று டீச்சர் தப்பாக நினைக்க வேண்டாம்.'

கடைசி வரியை டீச்சர் இரண்டு முறை படித்தார்.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கிற பெரிய லாண்டரியில் அவருக்கு வேலை. இந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் அங்கேதான். ஒரு ஷிப்டில் ஒருத்தரைத்தான் வெளியே விடுவார்கள், அதுவும் மாற்று ஆளை நிறுத்திவிட்டு வந்தால். அதனால் எல்லாருக்கும் சேர்த்து இவர் வருகிறார். திரும்பிப் போகும்போது லாண்டரி வாசலிலேயே மடக்கிக்கொள்வார்களாம், என் பிள்ளையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று.

"சொந்தக்காரன்னு சொன்னாத்தான் பேசுவீங்கன்னு நினைச்சேன். பொய் சொன்னது தப்புதான், டீச்சர்."

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். வெளியே யாரோ இருமி நேரத்தை ஞாபகப்படுத்தினார்கள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சரி, இதுல உங்க பிள்ளை யாரு? அதைப் பத்திக் கேக்கவே இல்லையே நீங்க?"

"இதுல இல்லைங்க." அவர் நோட்டை மூடினார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால என் பொண்ணு உங்க வகுப்புலதான் பதினொண்ணாவது படிச்சா. பாதியிலேயே நின்னுட்டா. அவ ஸ்கூலுக்குப் போகலைங்கறதே எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஒரு கூட்டத்துக்குக்கூட நான் வந்ததில்லை."

டீச்சர் அந்தப் பெண்ணின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. அந்த இரண்டு மாதமும், அவள் ஏன் வரவில்லை என்று தானும் யாரையும் கேட்கவில்லை என்பது மட்டும் உறைத்தது.

"இப்ப அவ எங்க இருக்கா?"

"லாண்டரியிலதான். நான் இங்க வர்ற அன்னிக்கெல்லாம் என் மிஷின்ல அவதான் நிக்கிறா." அவர் எழுந்துகொண்டார். "'அந்தப் பசங்களுக்காவது யாராச்சும் போய்க் கேக்கணும்ப்பா'ன்னு என்னை அனுப்பி வைக்கிறதே அவதான், டீச்சர்."